வரைபடத்தில் மாமா

கம்பெனி பஸ் கிளம்பியாயிற்று. அவர் ஏறிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, இல்லை, பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி போய் டிரைவர் பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார், இங்கே பின்னாலிருந்து பார்த்தால் வழுக்கை விழுந்த மண்டையும் காலருக்குள் செருகிய கைக்குட்டையும் மட்டும் தெரிகிறது. குணசீலன் மாமா. என் அக்கா சாவித்திரியின் வீட்டுக்காரர். இந்தப் பஸ்ஸில் இருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது. நான் ஒரகடத்தில் இருக்கிற இந்தக் கம்பெனிக்கு, காருக்கு வைப்பர் செய்கிற கம்பெனி, வெளியிலிருந்து வந்திருக்கிற ஆள். ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய் உட்கார்ந்து, யார் என்ன வேலை செய்கிறார்கள், அது யாரிடமிருந்து வருகிறது, முடித்ததும் யாரிடம் போகிறது என்று கேட்டுக் கேட்டுப் படமாக வரைவது என் வேலை. ஒரு வேலைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே அம்பு, ஆமாவா இல்லையா என்று யாராவது முடிவெடுக்கிற இடத்தில் ஒரு டயமண்ட். அதற்கப்புறம் இரண்டாவது படம். முதல் படம் இப்போது எப்படி நடக்கிறது என்பது, இரண்டாவது இனிமேல் எப்படி நடக்க வேண்டும் என்பது, முதலாளிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை பெட்டி குறைந்திருக்கிறது என்று எண்ணுவார்கள், எனக்குக் கூலி அதற்குத்தான். இரண்டாவது படம் மடியில் திறந்து கிடக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் என் மேனேஜர் ஃபெலிக்ஸுக்குப் போக வேண்டும். கழுத்து வலிக்கிறது. ஏசி என்று பேர், மேலே இருக்கிற ஓட்டையிலிருந்து யாரோ ஊதுகிற மாதிரி வெதுவெதுப்பாக வருகிறது, ரெக்சின் சீட்டு முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

நான் இங்கே வந்த முதல் நாள் ராத்திரியே மாமா போன் செய்தார். "ஏம்மா, எங்க கம்பெனிக்கா வந்திருக்க, கேன்டீன்ல பாத்தேன், நீதானான்னு ஒரு நிமிஷம் சந்தேகமாயிடுச்சு. இங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. உங்க அக்காகிட்டயும் சொல்லாத, தெரு முழுக்கச் சொல்லிட்டு வருவா." நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் ஃபெலிக்ஸிடம் ஒரு வார்த்தை, எனக்கு வேண்டியவர் ஒருத்தர் அங்கே இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார், நான் அம்பத்தூர் வேலைக்குப் போயிருப்பேன், ஆனால் ஃபேக்டரி பெரியது, அவருடைய செக்‌ஷன் நம் பட்டியலிலேயே வராமல் போகலாம் என்று நினைத்தேன், அல்லது நினைத்ததாக இப்போது நினைக்கிறேன், சோம்பல்தான், ஒரு விஷயத்தை ஆரம்பத்தில் இருந்து இன்னொருவருக்கு விளக்குவதற்கு உடம்பில் தெம்பு இல்லாத சோம்பல். வந்துவிட்டது. இன்று காலையில் வந்துவிட்டது.

"உங்க பேர் சார்?" என்று கேட்டேன். கேட்காமல் முடியாது, பக்கத்தில் அஸ்வத், என்னோடு வேலை செய்கிற பையன், கீபோர்டில் விரலை வைத்துக் காத்திருந்தான், அந்தப் பக்கம் அவருடைய சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "குணசீலன், மேடம்." மேடம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து வாலு என்று கூப்பிட்ட வாய். "காலைல வந்ததும் என்ன செய்வீங்க, கொஞ்சம் வரிசையா சொல்லுங்க." சொன்னார். லாரி வரும், கேட்டில் சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், பில் இவரிடம் வரும், இவர் அதைப் பார்த்து அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனின் கம்ப்யூட்டரில் இன்னொரு முறை அடிப்பார். அவ்வளவுதான். இரண்டு சாஃப்ட்வேரும் ஒன்றோடொன்று பேசாது, நடுவில் மாமா உட்கார்ந்து ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கே அது சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துகொண்டு, "சும்மா அடிக்கிறதில்ல மேடம், ஒவ்வொண்ணா சரிபாப்பேன், அதுல நெறைய நுணுக்கம் இருக்கு" என்றார். உடனே நான் கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, யார் சரிபார்க்கிறேன் என்று சொன்னாலும் அடுத்த கேள்வி அதுதான், புதுசாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற கேள்வி. "கடைசியா எப்ப சார் ஒரு தப்பு கண்டுபிடிச்சீங்க?"

கடைசியாக எப்போது. டோல்கேட்டில் பஸ் நிற்கிறது, மறுபடி நகர்கிறது, கடைசியாக எப்போது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, கடையில் பில் போடுகிறவன் இன்னும் ஐந்து ரூபாய் குடுங்க என்றால் பையைத் துழாவுவோமே, அந்த மாதிரி உள்ளே எதையோ துழாவுகிற பார்வை. "இருக்கு மேடம். நெறைய இருக்கு. டக்குனு ஞாபகம் வரல." அஸ்வத் டைப் செய்தான், சின்னச் சத்தம், ஒரே வார்த்தை, இல்லை என்றுதான் இருக்கும், திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து, "இவர் லீவு போட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அதுவும் வழக்கமான கேள்விதான். "ஒண்ணும் ஆகாது மேடம், பில்லு டேபிள்லயே இருக்கும், மறுநாள் வந்து போட்டுக்குவார்." மாமா தலையாட்டினார். அவரும் தலையாட்டினார், அதைத்தான் என்னால் தள்ள முடியவில்லை, தன் காதுபட ஒருத்தர் நீ இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லும்போது ஆமாம் சார் என்று ஒத்துக்கொண்டு தலையாட்டினார். எத்தனை கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், இலைக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "நான் ஒரு நாள் போகலன்னா அங்க ஒரு லாரி உள்ள வராது, எம்.டியே போன் பண்ணுவாரு" என்பார், பரிமாறுகிறவர்கூட நின்று கேட்பார், அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள், அவளுக்குப் பெருமை. நாங்களும் நம்பினோம். நம்பாமல் இருக்க என்ன காரணம், யாரும் போய்ப் பார்க்கவில்லையே. நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, தலையில் காலையில் வைத்த மல்லி வாடி ஒரு புளிப்பு வாசனை. எனக்கும் தூக்கம் வந்தால் நன்றாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் இட்லிக்கு அரைக்க வேண்டும், பையனுக்கு நாளைக்கு அறிவியல் பரீட்சை, என் வீட்டுக்காரர் வருவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். ஒருமுறை சும்மா இருக்க மாட்டாமல் எங்கள் வீட்டுச் சாயங்காலத்தையே படமாக வரைந்து பார்த்தேன், ஆளுக்கு ஒரு வரிசை போட்டு, அவர் வரிசையில் டீ குடித்தல் என்று ஒரு பெட்டி, பையன் வரிசையில் போன் பார்த்தல், மிச்சப் பெட்டி எல்லாம் என் வரிசையில் இடம் போதாமல் பக்கத்துத் தாளுக்குப் போனது, சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். மாமா அப்படியில்லை, வீட்டில் பாத்திரம் தேய்ப்பார், நிஜமாகவே தேய்ப்பார். என் முதல் இன்டர்வியூவுக்கு ஸ்கூட்டரில் கிண்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான், வெயிலில் எதிர்க்கடை ஓரமாக நின்றே இருந்தார், நான் வெளியே வந்தபோது முகம் கறுத்துச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்று வழியெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், எதிரே வருகிற லாரிகளைப் பார்த்து எனக்குத்தான் உயிர் போனது. இப்போது நான் கேட்டேன். ஐயோ, போதும், இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் பூந்தமல்லி வந்துவிடும்.

ஒரு வழி இருக்கிறது. காலையிலிருந்து இருக்கிறது, அதைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். இரண்டாவது படத்தில் அவருடைய பெட்டியை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்காமல், அதை ஒரு டயமண்டாக மாற்றி, உள்ளே மனிதச் சரிபார்ப்பு என்று எழுதிவிட்டால் போதும். ஃபெலிக்ஸ் எதற்கு இது என்று கேட்டால் ரிஸ்க் என்று சொல்லலாம், ரிஸ்க் என்ற வார்த்தைக்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அஸ்வத்துக்குத் தெரியும், ஆனால் அவன் என்னை எதிர்த்துப் பேச மாட்டான், பேசுவானா, மாட்டான். மாமா ரிட்டயர் ஆகிறவரைக்கும் அந்த டயமண்டுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம், அவர் மகள் நிவேதா நர்சிங் முடித்துவிடுவாள், அக்காவுக்கு மருந்து மாத்திரைக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் அப்படி ஒரு டயமண்டைப் பார்த்தேன். எதற்கென்றே தெரியாமல் நடுவில் நின்றது, யாரோ யாருக்காகவோ வைத்தது, நான்தான் கண்டுபிடித்து எடுத்தேன், மீட்டிங்கில் கை தட்டினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் முகம் எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் நாங்கள் பேர் எழுதுவதில்லை, பதவிதான் எழுதுவோம். அவருக்கும் ஒரு மச்சினி இருந்திருப்பாள். இப்போது டயமண்டை வரைகிறேன், நிஜமாகவே கை வரைந்துவிட்டது, பச்சை நிறத்தில் அழகாக நிற்கிறது, உள்ளே எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுத வரவில்லை. நேர்மை அது இதெல்லாம் இல்லை, அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான், நாளைக்கும் மறுநாளைக்கும் இந்தப் பொய்யை யாராவது கேட்கும்போதெல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதை நினைத்தால் கை ஓய்ந்துபோகிறது. அதோடு அவருக்குத் தெரிந்துவிடும். தான் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று தினமும் தெரிந்துகொண்டே அவர் உட்கார வேண்டும். தெரியாமலா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார், தெரிந்திருக்கும், ஆனால் நான் வைத்தேன் என்று தெரிந்து உட்கார்வது வேறு.

டயமண்டை அழிக்கிறேன். பெட்டியையும். கேட்டிலிருந்து அக்கவுன்ட்ஸுக்கு ஒரு நேர்கோடு, நடுவில் ஒன்றுமில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை, நன்றாக இருக்கிறது. மெயிலில் படம் இரண்டையும் இணைத்துவிட்டு அடியில் எழுதுகிறேன். சரக்கு வரவு செக்‌ஷனில் இருக்கும் திரு. குணசீலன் என் அக்காவின் கணவர். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அங்கே வேறு வேலை ஏதாவது அவருக்குக் கொடுக்க முடியுமா என்று கம்பெனியில் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரியை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன், வைத்துவிட்டேன். அனுப்புகிற வட்டம் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்டலம் தாண்டியதும் மெயில் போய்விட்டது. லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போகிறேன், அஸ்வத் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறான், பார்க்கட்டும். மாமா பக்கத்தில் சீட் காலிதான், டிபன் பையை வைத்திருக்கிறார்.

"பைய எடுங்க மாமா."

அவர் பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். "இங்க எதுக்கு வந்த? பாக்கப் போறாங்க. பின்னாடி போய் உக்காரு."

"பரவால்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." பையை நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, எதிரே டிரைவர் கண்ணாடியில் தொங்குகிற பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்தே சொல்கிறேன். "நீங்க செய்ற வேலை இனிமே கம்ப்யூட்டரே செஞ்சிடும்னு எழுதி அனுப்பிட்டேன் மாமா. இப்பதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார். ஒரு கன்டெய்னர் லாரி எங்களை ஒட்டிக்கொண்டு போகிறது, அது முழுக்கக் கடந்து போகிறவரைக்கும் வெளியே பார்க்கிறார்.

"தெரியும்மா. நீ அந்தக் கேள்விய கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு." கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைக்கிறார். "தப்பே வந்ததில்ல. கேட்ல போடுறவன் ஒழுங்காத்தான் போடுறான். ஏதாவது ஒண்ணு சொல்லி வெக்கலாம்னுதான் பாத்தேன், அன்னைக்கு இந்த பில்லுல இப்படி இருந்துச்சு, நான் புடிச்சேன்னு. வேற யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எதுக்க உக்காந்துட்ட."

"மன்னிச்சிடுங்க மாமா" என்கிறேன், அந்த வார்த்தை வாயில் எதற்கும் ஆகாததாக இருக்கிறது.

"வேற எங்கயாச்சும் போடுவாங்களா என்னை?" குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். "ஸ்டோர்ஸ்ல, கேட்ல, எங்கயாச்சும்."

"கேக்கச் சொல்லி எழுதியிருக்கேன். நீங்க எங்க மாமான்னும் எழுதிட்டேன்."

"யாரு உன்ன அத எழுதச் சொன்னது?" குரல் ஏறிவிட்டது, முன்வரிசையில் ஒருத்தர் திரும்புகிறார். "அறிவிருக்கா உனக்கு? இனிமே எங்க போட்டாலும் மச்சினி சொல்லிப் போட்டான்னு பேசுவானுங்க. வெளிய அனுப்பினா மச்சினியே அனுப்பிட்டான்னு பேசுவானுங்க. இத்தன வருஷம் ஒருத்தன் என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல அங்க."

எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு யோசித்ததில் இது ஒன்று தோன்றவில்லை, நான் சுத்தமாகிவிட வேண்டும் என்று எழுதினேன், அழுக்கு அவர் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. போன் அதிர்கிறது. ஃபெலிக்ஸ். நாளையிலிருந்து அங்கே அஸ்வத் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் காலையில் நேராக என்னை வந்து பாருங்கள், கூட எச்.ஆரும் இருப்பார்கள். ஒரு தடவை படிக்கிறேன், புரிகிறது, புரிந்ததும் பயம் வரவில்லை, பஸ் ஏறியதிலிருந்து வந்து வந்து போய்க்கொண்டிருந்த பயம் இப்போது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. போனை மாமாவிடம் நீட்டுகிறேன். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படிக்கிறார், உதடு அசைகிறது.

"உன்னையும் தூக்கிடுவாங்களா?"

"தெரியல மாமா. திட்டுவாங்க. மொதல்லயே சொல்லலல்ல."

"சொல்லாதன்னு நான்தானே சொன்னேன்" என்கிறார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். பஸ் செம்பரம்பாக்கம் தாண்டுகிறது. அதற்கப்புறம், "உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போன் கீன் பண்ணாத" என்கிறார். நசரத்பேட்டையில் எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொள்கிறது போல, என் தோளை அழுத்திக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போகிறார்.

பஸ் நகரவில்லை, சிக்னல். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அவர் வீட்டுக்குப் போகிற தெரு பழக்கடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும், அங்கே திரும்ப வேண்டும், திரும்பவில்லை. பழக்கடை பக்கத்திலேயே ரோட்டைப் பார்த்து நிற்கிறார். கடைக்காரர் ஏதோ கேட்கிறார், வேண்டாம் என்று கையாட்டுகிறார். நிற்கிறார். சிக்னல் விழுந்துவிட்டது, டிரைவர் கியர் போடுகிறார், இங்கிருந்து அரை மணி நேரம் போனால் போரூர், என் வீடு, அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, பையன் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருப்பான். அண்ணா நிறுத்துங்க என்கிறேன். டிரைவர் முறைக்கிறார். பின்னாலிருந்து அஸ்வத் குரல், "மேடம், உங்க ஸ்டாப் போரூர்ல?" பஸ் முழுக்கப் பார்க்கிறது. "அது எங்க மாமாப்பா. வீட்டுக்குப் போகாம நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. நடங்க என்கிறேன், நடக்கிறார். தெருவில் தண்ணீர் லாரி வந்திருக்கிறது, குடங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறோம், யாரோ என்ன சார் இன்னைக்கு லேட்டு என்கிறார், டிராஃபிக் என்கிறார் மாமா. கதவைத் திறந்த அக்காவின் கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்கிறது, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவரைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. "என்ன, ரெண்டு பேரும் ஒண்ணா? எங்க பாத்துக்கிட்டீங்க?"

"என் ஆபீஸ்லதான்" என்கிறார் மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இவ அங்கதான் வேலையா வந்துக்கிட்டு இருக்கா, நான்தான் உங்கிட்ட சொல்லாதன்னேன். உக்காரு சாவித்திரி, சொல்றேன்."

"மொதல்ல சொல்லுங்க."

"என் வேலை தேவையில்லன்னு எழுதிட்டாங்க. எழுதினது தமயந்திதான்." ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறார். "தப்பா ஒண்ணும் எழுதல."

அவர் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறது. அக்கா கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், நான் சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு வந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை இல்லை, இது எனக்குத் தெரியாத பார்வை. ஏதாவது கேட்பாள் என்று காத்திருக்கிறேன். உள்ளே வா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நிற்கிறேன்.